தேநீர்க் கோப்பையும் உறவுமுறையும்

அவையோருக்கு வணக்கம். சிங்கப்பூர்ச் சீனர் கல்யாணம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இரவு விருந்தும், பத்துப் பேர் அமரும் வட்டமேசையும், சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுக்கும் அங்பாவும்தான். வீட்டாரைக் கேட்டால், கல்யாணம் காலையிலேயே முடிந்துவிட்டது என்பார்கள். பெரியவர்கள் கையில் மணமக்கள் தேநீர் கொடுத்த நேரம் அது.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1961 செப்டம்பர் 15இல் மாதர் சாசனம் என்ற திருமணச் சட்டம் நடப்புக்கு வந்தது முதல் பதிவுதான் கணக்கு. ஆனாலும் அரசு அடுக்குமாடி வீட்டுக்கு விண்ணப்பிக்க முன்கூட்டியே பதிவு செய்துகொண்ட ஜோடிகளில் பலர், தேநீர் கொடுக்கும்வரை அவரவர் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

தேநீர் என்கிறோமே தவிர, அதில் தேயிலை இருந்தாக வேண்டியதில்லை. காய்ந்த சிவப்பு இலந்தை, லோங்கான் பழம், தாமரை விதை மூன்றையும் கற்கண்டோடு காய்ச்சுவார்கள். எல்லாம் சிலேடைதான். இலந்தையின் மாண்டரின் பெயர் 'ஸாவ்'; 'சீக்கிரம்' என்பதற்கும் அதே ஒலி. தாமரை விதை 'லியென்ஸி'. அது 'அடுத்தடுத்துப் பிள்ளைகள்' என்றும் காதில் விழும்! கோப்பையை முக்கால் வரை நிரப்பினால் போதும். தளும்ப ஊற்றினால், மண்டியிட்டு இரு கையால் நீட்டும்போது தட்டில் வழிந்து பட்டுடுப்பில் கறையாகும். கொதிக்கக் கொதிக்க ஊற்றவும் கூடாது. வாங்குபவர் உடனே ஒரு வாய் குடித்தாக வேண்டும்.

தடுமாற்றம் வருவது, தேநீர் நீட்டும்போது முறை சொல்லி அழைப்பதில். அப்பாவின் அண்ணன் 'போபோ', தம்பி 'ஷூஷூ', அம்மாவின் சகோதரர் 'ஜியூஜியூ'. பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று பிரித்தே பழகிய நமக்கு இது உடனே பிடிபடும். 'அங்கிள்' என்றே வளர்ந்த சீனப் பிள்ளைகள்தான் விழிக்கிறார்கள். ஹொக்கியன், கேண்டனீஸ் போன்ற சீனக் கிளைமொழி பேசும் வீடுகளில் சொற்களும் மாறும். அதனால் முதல் நாளே பெயரும் முறையும் வரிசையும் எழுதி வைப்பார்கள். கேண்டனீஸ் வீடுகளில் 'தாய் கம் ஜே' என்ற பெண்மணியைக் கூலிக்கு அமர்த்தினால், அவரே பக்கத்தில் நின்று முறை சொல்லிக் கொடுத்து, வாழ்த்தும் பாடுவார்.

வரிசையில் பெற்றோர் முதலா, தாத்தா பாட்டி முதலா என்பது வீட்டுக்கு வீடு வேறு. தம்பி தங்கையர் முறை வரும்போது எல்லாம் திரும்பிவிடும்: மணமக்கள் உட்காருவார்கள், இளையவர்கள் தேநீர் நீட்டுவார்கள், அங்பாவ் மணமக்கள் கையிலிருந்து போகும்.