மஞ்சள் சீகோவும் மாறிப்போன பேக் கவரும்

வணக்கம். இன்றைக்கு மேஜை மேல் இருப்பது சீகோ 6139 என்ற பழைய கைக்கடிகாரம். மஞ்சள் டயல், நீலமும் சிவப்புமாக வெளி வளையம். 1973 நவம்பரில் ஸ்கைலேப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்துக்குப் போன விண்வெளி வீரர் வில்லியம் போக், அந்த 84 நாளும் தன்னோடு வைத்திருந்தது இந்த வகைதான். அதனால்தான் இதற்கு இவ்வளவு கிராக்கி. கிராக்கி உள்ள பொருளில் பாகம் மாற்றுகிற வேலையும் நிறைய நடக்கும்.

விற்றவர் "எல்லாமே ஒரிஜினல், 1970 வாட்ச்" என்றார். கேமரா பக்கத்தில் கொண்டுவருகிறேன், பேக் கவரைப் பாருங்கள். சீரியல் நம்பர் 78 என்று ஆரம்பிக்கிறது. சீகோவில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்தது மாதம். 6139 விற்பனைக்கு வந்ததே 1969-இல், எழுபதுகளோடு அது முடிந்தும் போனது. அப்படியென்றால் இந்தக் கவர் 1977 ஆகஸ்ட்.

சரி, டயலுக்கு வருவோம். இதில் 'வாட்டர் 70 மீ. ப்ரூஃப்' என்று இருக்கிறது. 'ப்ரூஃப்' என்ற சொல்லை எழுபதுகளின் தொடக்கத்திலேயே விட்டுவிட்டு 'ரெசிஸ்ட்' என்று அச்சடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். 1977 வாட்சில் இந்த டயலுக்கு என்ன வேலை?

பலர் இந்த இடத்திலேயே "டயல் போலி" என்று கீழே வைத்துவிடுவார்கள். நான் கவரைத் திறந்து மெஷினையும் பார்த்தேன். ரோட்டரை, அதாவது உள்ளே சுழலும் எடைத் தகட்டை, விரலால் ஒதுக்கினால் 6139ஏ என்று தெரிகிறது. ஏ முதலில் வந்தது, பி அதற்குப் பிறகு. ஆக, டயலும் மெஷினும் ஒரே காலத்துப் பொருள்கள்தான். வெளியிலிருந்து வந்தது பேக் கவர். சீரியல் நம்பர் கவரில் மட்டும்தான் இருக்கும், அதனால் கவர் மாறினால் வாட்சின் வயதே மாறிப்போகிறது!

லென்ஸ் வைத்து டயலை நெருக்கமாகக் காட்டுகிறேன். ஆறு மணிக்குக் கீழே உள்ள பொடி எழுத்துகள் கூர்மையாக இருக்கின்றன, மை பரவவே இல்லை. வெளிச்சத்தில் சாய்த்தால் நடுவிலிருந்து கதிர் விரிகிறது. மறுபெயின்ட் அடித்த டயலில் இது இப்படி வராது. இன்னொன்று, அந்தப் பொடி எழுத்துகளில் உள்ள எண்ணின் முதல் நான்கு இலக்கம் 6139 ஆக இருந்தால் போதும். கடைசி நான்கும் கவரில் உள்ள மாடல் எண்ணின் கடைசி நான்கும் வேறாக இருப்பது சீகோவில் சகஜம். அதைப் பார்த்துப் பயந்து நல்ல வாட்சை விட்டுவிடாதீர்கள்.

முள் மட்டும் மாறியிருக்கிறது. டயலில் இருட்டில் ஒளிரும் புள்ளிகள் வெண்ணெய் நிறத்துக்குப் பழுத்துவிட்டன, முள்ளில் இன்னும் பச்சை வெள்ளை. ஏதோ ஒரு சர்வீஸில் போட்டிருப்பார்கள். ஐம்பது வருடம் ஓடிய வாட்சில் அதை நான் குறையாக எடுப்பதில்லை. டயல் போயிருந்தால்தான் வாங்கியிருக்க மாட்டேன்.

விற்றவரிடம் இதையெல்லாம் காட்டினேன், விலையைக் குறைத்துக் கொடுத்தார். 1970 கவர் ஒன்று தேடிப் போடலாமே என்று கேட்பீர்கள். போட மாட்டேன். போட்டால் அடுத்து வாங்குகிறவருக்கு இது தொடாத வாட்சாகத் தெரியும். கவர் 1977, முள் சர்வீஸ் என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.