எல்லை தாண்டினால் குற்றம் தீர்ந்துவிடுமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

அரசு அதிகாரிகளின் மனித உரிமைக் குற்றங்களை அயல்நாட்டு நீதிமன்றம் விசாரிப்பது நியாயமா, அத்துமீறலா? நியாயமே என்பது எங்கள் அணி. எதிரணி நண்பர், "பக்கத்து வீட்டு விவகாரத்தில் நமக்கென்ன வேலை?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார். நண்பரே, அடித்தவன் இப்போது அந்த வீட்டில் இல்லை. தப்பி வந்து நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். அவனை என்ன செய்யப் போகிறீர்கள்?

ஆப்பிரிக்காவின் சாட் நாட்டை 1982 முதல் 1990 வரை ஆண்ட இசேன் ஹாப்ரே, ஆட்சி கவிழ்ந்ததும் செனகல் தலைநகர் டக்காருக்கு ஓடிவந்து வசதியாகக் குடியிருந்தார். சாட்டை அவர் ஆண்டபோது அவருடைய அரசியல் போலீஸ் அங்கே என்ன செய்தது தெரியுமா? பிரெஞ்சுக்காரர் காலத்து நீச்சல்குளம் ஒன்றைக் கான்கிரீட்டால் மூடி, உள்ளே அறை அறையாகத் தடுத்துச் சிறையாக்கியது. வெயில் கொளுத்தும் ஊரில், நிலத்துக்கடியில், காற்றில்லாமல் மனிதர்களை அடைத்தது. அவர் ஆட்சியில் சுமார் 40,000 பேர் கொல்லப்பட்டதாக 1992-இல் மதிப்பிட்டது எந்த வெளிநாடும் அல்ல. சாட் அரசே அமைத்த விசாரணை ஆணையம்.

"இதெல்லாம் மேலைநாட்டு ஆதிக்கத்தின் மறுவடிவம்" என்றார் இன்னொரு நண்பர். ஹாப்ரேவுக்கு ஆயுதமும் பணமும் கொடுத்துத் தூக்கி நிறுத்தியவர்கள் யார்? அமெரிக்காவும் பிரான்சும். அவரைக் கூண்டில் ஏற்றப் பாடுபட்டவர்கள் யார்? சிறையில் செத்துப் பிழைத்த சுலைமான் கெங்கெங் என்ற கணக்கர், உயிரோடு வெளியே வந்தால் நீதி கேட்பேன் என்று ஆண்டவன் மேல் ஆணையிட்டவர். வந்தபின் 792 பேரின் வாக்குமூலங்களைத் திரட்டி, அரசின் கண்ணில் படாமல் ஒளித்துவைத்துக் காத்தார். வழக்கை நடத்திய சாட் நாட்டுப் பெண் வழக்கறிஞர் ஜாக்லின் முதேனா மீது 2001-இல் கையெறிகுண்டு வீசினார்கள். காயத்தோடு அவர் வழக்கைத் தொடர்ந்தார். இவர்களையா ஆதிக்கம் என்கிறீர்கள்?

சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் செனகல் தானே கையெழுத்திட்டிருந்தது. உன் மண்ணில் இருக்கும் குற்றவாளியை நீ விசாரி, இல்லையேல் விசாரிப்பவரிடம் ஒப்படை என்கிறது அது. ஹாப்ரே விவகாரத்தில் செனகல் மீது பெல்ஜியம் தொடுத்த வழக்கில் 2012-இல் சர்வதேச நீதிமன்றம் சொன்னதும் இதையே. ஆப்பிரிக்க ஒன்றியமும் செனகலும் சேர்ந்து தனி நீதிமன்றம் அமைத்தன. 2016 மே 30 அன்று ஆயுள் தண்டனை! முன்னாள் அதிபர் ஒருவருக்கு இன்னொரு நாட்டு மண்ணில்.

பதவியில் இருப்பவரையே பிடித்தால் உலக நாடுகளின் உறவு கெடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. பதவியிலிருக்கும் வெளியுறவு அமைச்சரை அயல்நாட்டு நீதிமன்றம் கைது செய்யக்கூடாது என்று 2002-லேயே அதே சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

வல்லரசு அதிகாரிகள் மட்டும் தப்பிக்கொள்கிறார்களே என்று கேட்டீர்கள். உண்மை, அதில் எனக்கும் கோபம்தான். ஆனால் ஒருவன் தப்பித்தான் என்பதற்காக அகப்பட்டவனையும் விட்டுவிட்டால், நீச்சல்குளச் சிறையிலிருந்து வந்தவர்களுக்கு என்ன பதில் சொல்வீர்கள்? நீதிமன்றம் விதித்த இழப்பீடு அவர்களுக்கு முழுமையாகப் போய்ச் சேராமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. அது வழக்குத் தொடுத்ததன் குற்றமா, தீர்ப்பை நிறைவேற்ற மனமில்லாதவர்களின் குற்றமா? அதற்கு எதிரணி பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.