எட்டு நொடியின் கணக்கு: சவிதா புனியாவும் கோல்கீப்பர் கலையும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஹாக்கி கோல்கீப்பர் என்றாலே எத்தனை பந்தைத் தடுத்தார் என்றுதான் கேட்கிறோம். எங்கே நின்று தடுத்தார் என்று கேட்பவர்கள் குறைவு. இந்திய மகளிர் அணியின் கோல்கீப்பராக ஆடிய சவிதா புனியாவின் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள அந்த இரண்டாவது கேள்விதான் வேண்டும்.

ஹரியானாவில் சிர்சா மாவட்டம், ஜோத்கான் கிராமம். பிறந்தது 1990. தாத்தா தூண்டி ஆட வந்தவர். பயிற்சிக்குச் சிர்சாவுக்குப் பேருந்தில் போய்வந்தார். கால் பேட், கிக்கர் எனும் பாதக் காப்பு, மார்புக் கவசம், தொண்டைக் காப்பு, ஹெல்மெட் எல்லாம் அடைத்த மூட்டையோடு நெரிசல் பேருந்தில் ஏறுவது எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

கோலின் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14. கோல் அடிக்க உள்ளே வந்தாக வேண்டிய வட்டத்தின் விளிம்பு 14.63 மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் டிராக் ஃப்ளிக், அதாவது மட்டையால் இழுத்துச் சுண்டி எறியும் பந்து, வந்தால் கோலைத் தொட அரை நொடிக்குச் சற்று மேல். கோட்டின்மேல் நின்றால் 3.66 மீட்டர் முழுவதையும் காக்க வேண்டும். இரண்டு மீட்டர் முன்னே வந்தால், நடுவிலிருந்து அடிப்பவருக்கு எதிராகக் காக்க வேண்டிய அகலம் ஏறக்குறைய 3.16 ஆகிவிடும். அரை மீட்டர் லாபம். ஆனால் பந்தைப் பார்க்கும் நேரம் குறையும். எதை விடுவது, எதை எடுப்பது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது.

பெனால்டி கார்னரில், அதாவது வட்டத்துக்குள் தற்காப்பு அணி தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்பில், இன்னொரு சிக்கல். மட்டையை ஓங்கி அடிக்கும் முதல் ஷாட் கோலின் அடியில் இருக்கும் 46 சென்டிமீட்டர் உயரப் பலகைக்கு மேலே போகக்கூடாது. அதற்குப் பக்கவாட்டில் படுத்துவிடலாம். ஃப்ளிக்குக்கு அந்த வரம்பு இல்லை. ஃப்ளிக் வரும்போது படுத்தால் மேல் மூலை திறந்து கிடக்கும். அதோடு, பந்தை நோக்கிப் பாயும் நம் ஓட்டக்காரர் நேர்கோட்டில் ஓடினால் கோல்கீப்பரின் பார்வையையே மறைத்துவிடுவார். தடுத்த பந்தைக் கிக்கரைச் சாய்த்துப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். நடுவில் விழுந்தால் அடுத்த அடி தயாராக இருக்கும்.

2021 ஆகஸ்ட் 2, டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதி, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக. 22-ஆம் நிமிடத்தில் குர்ஜித் கவுர் போட்ட ஒரே கோல். மீதி நேரமெல்லாம் ஆஸ்திரேலியா கார்னர் மேல் கார்னராக வாங்கியும் வலையைத் தொட முடியவில்லை. இந்திய மகளிர் முதன்முறையாக ஒலிம்பிக் அரையிறுதிக்குப் போனது அப்படித்தான்.

இனி ஷூட் அவுட், சமனில் முடிந்த ஆட்டத்தில் வெற்றியைத் தீர்மானிக்கும் முறை. எதிராளி 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு கிளம்புவார். எட்டு நொடிக்குள் கோல் போட்டாக வேண்டும். கடிகாரம் கோல்கீப்பர் பக்கம். புதியவர்கள் இதை மறந்து மூன்றாவது நொடியிலேயே சறுக்கிப் படுத்துவிடுகிறார்கள். எதிராளி சுற்றிக்கொண்டு போய்த் தட்டிவிடுகிறார். வேகமாக வெளியே வந்து, கால்மேல் நின்று, எதிராளியை அவரது இடப்பக்கம், அதாவது ரிவர்ஸ் பக்கம், தள்ள வேண்டும். அங்கே அவருக்கு அடி பலமில்லை. நம் வலக்கை மட்டையும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. தெரியாமல் இடறிவிட்டால் முயற்சி மறுபடி நடக்கும். வேண்டுமென்று வீழ்த்தினால் 6.40 மீட்டரிலிருந்து பெனால்டி ஸ்ட்ரோக்.

2017 ஆசியக் கோப்பை இறுதியில் சீனாவுடன் 1–1. ஷூட் அவுட்டில் 5–4 வெற்றி. தொடரின் சிறந்த கோல்கீப்பர் சவிதா. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி அரையிறுதியில் கதையே வேறு. ஷூட் அவுட்டில் ஆஸ்திரேலியாவின் முதல் முயற்சியை அவர் தடுத்துவிட்டார். கடிகாரம் ஓடத் தொடங்கவில்லை என்று மறுபடி ஆடச் சொன்னார்கள். கோல் விழுந்தது, ஆட்டமும் போனது. அதிகாரிகளின் கவனக்குறைவுக்கு ஆட்டக்காரர் விலை கொடுத்தார் என்பதே என் கருத்து. அடுத்து, வெண்கலத்துக்கான ஆட்டம் நியூசிலாந்தோடு மீண்டும் ஷூட் அவுட்டுக்குப் போனது. 2–1 என்று இந்தியா வென்றது.

2020–21 தொடங்கி மூன்று பருவங்கள் தொடர்ந்து சர்வதேச ஹாக்கி கூட்டமைப்பின் சிறந்த கோல்கீப்பர் விருது அவருக்கே. ஆனாலும் 2024 ஜனவரி, ராஞ்சி ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஜெர்மனியிடம் ஷூட் அவுட்டில் 4–3 தோல்வி. பிறகு ஜப்பானிடம் 1–0. பாரிஸ் ஒலிம்பிக் கை நழுவியது. அந்த ஜப்பான் ஆட்டத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த பெனால்டி கார்னர்களில் ஒன்றுகூட கோலாகவில்லை. அந்த முனையில் நம் கோல்கீப்பருக்கு வேலையே கிடையாது.