ஹாட்ஃபீல்டு மாளிகையின் இளைய மகன்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

1857 ஜூலையில் இங்கிலாந்தில் ஒரு திருமணம் நடந்தது. மணமகன் ராபர்ட் செசில், 27 வயது, ஹாட்ஃபீல்டு மாளிகையின் சாலிஸ்பரி பிரபுவின் இளைய மகன். மணமகள் ஜார்ஜினா, ஒரு நீதிபதியின் மகள். மணமகனின் தந்தை வரவில்லை. குடும்ப அந்தஸ்துக்கு இந்தப் பெண் ஒத்துவராது, வறுமையில் வாடுவாய், பெரிய மனிதர்கள் உன்னை ஒதுக்கிவிடுவார்கள் என்று எச்சரித்திருந்தார். இந்தப் பெண்ணை மணப்பதற்காக என்னை ஒதுக்குகிறவர்கள் யாரோ, அவர்களிடமிருந்து விலகத்தான் நானும் தவிக்கிறேன் என்று பதில் எழுதினார் மகன். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத பதில் அது.

ஸ்டாம்ஃபோர்டு தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக அவர் அப்போதே இருந்தார். ஆனால் அந்தக் காலத்தில் உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. பத்திரிகைகளுக்குப் பெயர் போடாத கட்டுரைகளை எழுதிக் குடும்பம் நடத்தினார். மனச்சோர்வில் மூழ்குகிறவர், கூட்டத்தைக் கண்டால் கூசுகிறவர். ஜார்ஜினாவோ கலகலப்பானவர். அந்த அம்மையார் இல்லாவிட்டால் செசில் நூலகத்தை விட்டே வெளியே வந்திருக்க மாட்டார் என்பது என் கணிப்பு.

1865இல் அண்ணன் இறந்தார், இளையவர் வாரிசானார். அடுத்த ஆண்டு ஜூலையில், 36 வயதில், பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்கான அமைச்சர். அப்போது ஒரிசாவில் பஞ்சம். கவலைப்பட ஒன்றுமில்லை என்ற அதிகாரிகளின் பேச்சை நம்பி இரண்டு மாதம் சும்மா இருந்தார். பருவமழையில் ஒரிசாத் துறைமுகங்கள் அடைபட்டுக் கிடந்தன; தானியக் கப்பல் நெருங்க முடியவில்லை. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அந்த இரண்டு மாதத்தைப் பின்னாளில் அவரே சொல்லிச் சொல்லி வருந்தினார். பெற்ற தகப்பனுக்கு அப்படி ஒரு பதில் எழுதிய மனிதர், அந்த அதிகாரிகளிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா என்று என் மனம் அடித்துக்கொள்கிறது.

தந்தைக்குப் பின் சாலிஸ்பரி பிரபு என்ற பட்டம் அவருக்கு வந்தது. 1874இல் அதே பதவியும் மறுபடியும் வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, அது அவர் அந்த நாற்காலியில் இருந்தபோது வந்ததுதான். நிவாரணப் பணியில் மண் சுமந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல், அதாவது அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவான தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று, பஞ்சப் பகுதிகளைப் பார்வையிட அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் 1877இல் குறைத்தார். உழைக்கிற உடம்புக்கு அது போதாது என்று வாதாடினார் சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ். அவர் ஒரு மருத்துவர். அதே 1877 ஜூனில் வைஸ்ராய் லிட்டனுக்கு எழுதிய கடிதத்தில் சாலிஸ்பரி, நிபுணர்களை ஒருபோதும் நம்பாதீர்கள், மருத்துவர் பேச்சைக் கேட்டால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் பொருளே உலகில் இல்லை என்கிறார். கடிதம் எழுந்தது வேறு விஷயத்துக்காக. ஆனாலும் ஒரிசாவில் தவறான ஆட்களை நம்பிச் சூடுபட்டவர், யாரை நம்ப வேண்டும் என்பதைக் கடைசிவரை கற்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

பிறகு மூன்று முறை பிரதமரானார். ஹாட்ஃபீல்டில் வெகு சீக்கிரமே மின்விளக்கு போட்டார். கம்பி தீப்பிடித்தால் வீட்டார் மெத்தைத் திண்டை எறிந்து அணைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்களாம். பிள்ளைகளும் அவரோடு சரிக்குச் சமமாக வாதாடிய வீடு அது.

1899 நவம்பரில், தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு நடுவே, ஜார்ஜினா இறந்தார். 1902இல் பதவி விலகி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவரும் மறைந்தார். ஹாட்ஃபீல்டு தேவாலயத்தில், அவருடைய தந்தை வேண்டாம் என்ற அந்தப் பெண்ணின் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

நன்றி, வணக்கம்.