வயிற்றுப் பிடிப்பும் ஓமமும்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் நாட்டு மருந்துக் கடை ஒன்றின் முன் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். "அண்ணே, வயித்தப் புடிச்சு இழுக்குது, ஓமம் குடு" என்று யாராவது வந்துவிடுவார்கள். அவர்கள் கேட்பது சரியான மருந்துதான். அது எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

குடல் சுவரில் உள்ள தசை நம் சொல் கேட்காது, தானாகவே சுருங்கி விரியும். தசைச் செல்லுக்குள் கால்சியம் நுழையும்போது அது சுருங்குகிறது. அளவுக்கு மீறிச் சுருங்கினால் பிடித்து இழுக்கிற வலி வரும்.

ஓமத்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் மூக்கில் ஏறும் அந்த நெடி பெரும்பாலும் தைமால் என்ற வேதிப்பொருளின் நெடிதான். ஆய்வுக்கூடத்தில் முயலின் குடலில் சிறு துண்டை எடுத்து, 37 டிகிரி சூட்டில் உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, ஆக்சிஜன் செலுத்துவார்கள். உடலை விட்டு வந்த பிறகும் அந்தத் துண்டு தானாகத் துடித்துக்கொண்டே இருக்கும். பதிவுக் கருவியில் கோடு ஏறும், இறங்கும். ஓமச் சாற்றை விட்டதும் அந்த ஏற்ற இறக்கம் மெல்லக் குறையும். கால்சியம் நுழைகிற வழி அடைபடுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

புதினா வகையைச் சேர்ந்த பெப்பர்மின்ட் செடியின் எண்ணெயில் உள்ள மென்தாலும் இப்படித்தான். குடல் எரிச்சல் நோய்க்கு அதை, இரைப்பையைத் தாண்டிக் கரைகிற கேப்சூலாகத் தருகிறார்கள். இரைப்பையிலேயே கரைந்தால் உணவுக்குழாயின் அடிவாய் தளர்ந்து நெஞ்செரிச்சல் வரும். நம் சந்தைப் புதினாவில் மென்தால் மிகக் குறைவு. அதனால் துவையலை அந்த மருந்துக்கு ஈடாக நினைக்க வேண்டாம்.

அப்புறம், ஊமத்தை. காலிமனை ஓரத்தில் முளைத்துக் கிடக்கும் அதே செடிதான். அதிலுள்ள அட்ரோபினும் ஹயோசினும், குடலைச் சுருக்கச் சொல்லும் நரம்புச் செய்தியைத் தடுத்து, பிடிப்பைத் தளர்த்தும். வயிற்றுப் பிடிப்புக்கு மருத்துவமனையில் போடுகிற ஓர் ஊசி, ஹயோசினை மாற்றி அமைத்துச் செய்ததுதான். ஆனால் செடிக்குச் செடி நஞ்சின் அளவு மாறும். வாய் வறண்டு, கண்பாவை விரிந்து, சிறுநீர் அடைத்து, புத்தி தடுமாறும். உயிரே போகலாம். வீட்டில் அதைத் தொடவே தொடாதீர்கள், கைகூப்பிக் கேட்கிறேன். யாராவது தின்றுவிட்டால் செடியின் கிளையோடு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஓமத் தண்ணீரும் வேண்டாம், தாய்ப்பால் மட்டும் போதும்.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கினால், கூடவே காய்ச்சலோ வாந்தியோ வந்தால், வயிறு கல்லாகக் கெட்டிப்பட்டால், மலமும் வாயுவும் போகாமல் அடைத்தால், ஓமத்தைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். ராயபுரமோ காசிமேடோ, எங்கிருந்தாலும் ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம்தான். அவசரச் சிகிச்சைப் பிரிவு ராத்திரியிலும் திறந்திருக்கும்.