அழுத்தக் கையுறை போட்டால் விரல் வலி குறையுமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். படித்துவிடுகிறேன். "அம்மாவுக்கு 62 வயது. முப்பது வருடமாகப் பீடி சுற்றுகிறார். விரல் நுனிக் கணுக்கள் புடைத்திருக்கின்றன. காலையில் எழுந்ததும் கை மடங்குவதில்லை, பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. மூட்டு வலிக்கென்று இறுக்கமான கையுறை விற்கிறார்களே, வாங்கித் தரலாமா?"

தாராளமாக வாங்கித் தாருங்கள். ஆனால் இறுக்கத்தை நம்பி வாங்காதீர்கள்.

முதலில், நீங்கள் சொல்லும் அடையாளங்கள் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். முடக்குவாதமாக இருந்தால் காலை விறைப்பு பத்து நிமிடத்தில் விடாது, ஒரு மணி நேரம் கூட இழுக்கும். இரண்டு கையிலும் விரல்களின் அடிக் கணுவும் மணிக்கட்டும் வீங்கும். அப்படி இருந்தால் கையுறையைத் தேடிக்கொண்டிருக்காமல் மூட்டுவாத மருத்துவரிடம் போய்விடுங்கள். அந்த நோய்க்கு மாத்திரை தள்ளிப்போகப் போக மூட்டு கோணிவிடும்.

இப்போது கையுறைக்கு வருகிறேன். இங்கிலாந்தில் முடக்குவாதம் போன்ற மூட்டு அழற்சி உள்ள இருநூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு சோதனை செய்து 2021இல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு இறுக்கிப் பிடிக்கும் கையுறை, மீதிப் பேருக்குத் தொளதொளவென்ற கையுறை. இரண்டு கூட்டத்துக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. தேய்மானக்காரர்களை வைத்து நடந்த சோதனை இல்லை, இருந்தாலும் எனக்கு அதிலிருந்து ஒன்று புரிகிறது: சுகம் தருவது பெரும்பாலும் கதகதப்புதான். மார்கழிக் காலையில் வெந்நீரில் கையை விட்டால் விரல் இளகுகிறதே, அதே சங்கதி. விலை கூடிய கையுறைதான் வேண்டும் என்று கடனை வாங்காதீர்கள்.

வேலூர் வெயிலில் சித்திரை, வைகாசியில் இதைப் போடச் சொன்னால் அம்மா என்னைத்தான் திட்டுவார். குளிர் மாதங்களில் இரவு படுக்கும்போது போதும். கத்திரியில் காலையில் ஐந்து நிமிடம் வெந்நீரில் கையை வைத்து, உள்ளேயே விரலை மடக்கி நீட்டினால் ஆயிற்று.

அளவு எடுக்க, தையல்காரர் டேப்பைப் பெருவிரலை விட்டுவிட்டு விரல்களின் அடிக் கணுக்கள் மேல் சுற்றுங்கள். இரண்டு அளவுக்கு நடுவே வந்தால் பெரியதை எடுங்கள். விரல் நுனி திறந்த வகையாக இருக்கட்டும், நிறம் கண்ணுக்குத் தெரியும். போட்ட பிறகு நகத்தை அழுத்தி விடுங்கள், இரண்டு நொடியில் சிவப்பு திரும்ப வேண்டும். நுனி நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ உடனே கழற்றிவிடுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்து, விரலில் உணர்வும் குறைந்திருந்தால், இறுக்குவதே தெரியாமல் தூங்கிவிடுவார், அதனால் மருத்துவரைக் கேட்காமல் இரவில் போட வேண்டாம். இன்னொன்று, பெருவிரலிலிருந்து நடுவிரல் வரை ராத்திரியில் மதமதத்துப்போய், கையை உதறினால் சரியாகிறது என்றால் அது மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது. மணிக்கட்டை இறுக்கும் கையுறை அதை மோசமாக்கும்.

பீடி சுற்றும்போது போடலாமா? வேண்டாம். புகையிலைத் தூள் துணியில் ஏறிக்கொள்ளும், அதே கையுறையோடு இரவு முழுவதும் படுப்பது நல்லதல்ல. அதைவிட, இலை வெட்டும் கத்தரிக்கோலின் பிடியில் பழைய புடவைக் கிழிசலைத் தடிமனாகச் சுற்றிக் கொடுங்கள். பிடி பருமனானால் விரல் அவ்வளவு நெருக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஒரு கட்டு முடிந்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையை நன்றாக விரித்து மூடச் சொல்லுங்கள். கேழ்வரகுக் களி கிளறும் துடுப்பை மட்டும் கொஞ்ச நாள் நீங்களோ அப்பாவோ வாங்கிக்கொள்ளுங்கள். பெருவிரல் அடி மூட்டுக்கு அதைவிடக் கடினமான வேலை நம் ஊர்ச் சமையலறையில் இல்லை.