49 வயசுல எஃப்.ஏ. கப் அரையிறுதி ஆடினவர்! | பில்லி மெரெடித்

1924 மார்ச். இங்கிலாந்தோட கால்பந்துக் கோப்பையான எஃப்.ஏ. கப் அரையிறுதி, நியூகாசில் யுனைடெட்டுக்கு எதிரா மான்செஸ்டர் சிட்டி. சிட்டியோட ரைட் விங்ல, அதாவது வலது ஓரத்துல ஓடுறவருக்கு வயசு 49! சிட்டி தோத்துப்போச்சு. ஆனா அந்த வயசுல அவர் அங்க நின்னதே பெரிய விஷயம்.

பில்லி மெரெடித். 1874-ல வேல்ஸ்ல சிர்க் பக்கத்துல பிறந்தவர். 12 வயசுலயே நிலக்கரிச் சுரங்க வேலை. 1894-ல சிட்டில சேர்ந்தார். ஆடும்போது வாயில ஒரு டூத்பிக், அதுதான் அவர் அடையாளம்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். பந்தோட கார்னர் கொடி வரைக்கும் ஓடுறது அவர் பாணி. ஏன்?

1925 வரைக்கும் ஆஃப்சைடுக்கு மூணு பேர் கணக்கு. பாஸ் கிளம்புற நொடியில, வாங்குறவருக்கும் கோல் லைனுக்கும் நடுவுல கீப்பரோட சேர்த்து எதிரணியில மூணு பேராவது இருக்கணும், இல்லன்னா ஆஃப்சைடுன்னு விசில். ஒரு ஃபுல்பேக் (தடுப்பாட்டக்காரர்) நாலடி முன்னால ஏறினாப் போதும், கோல் போட வர்ற ஃபார்வர்டு மாட்டிக்குவார். ஆனா பந்துக்குப் பின்னால நிக்கிறவருக்கு ஆஃப்சைடே கிடையாது! மெரெடித் டச்லைனை (பக்கவாட்டுக் கோட்டை) ஒட்டி ஃபுல்பேக்கைத் தாண்டி, கோல் லைன் கிட்டப் போய், அங்கிருந்து பின்பக்கமா கிராஸ் போடுவார், அதாவது ஓரத்துல இருந்து பந்தை நடுவுக்கு அடிப்பார். நடுவுல ஓடி வர்றவங்க எல்லாரும் பந்துக்குப் பின்னாலதான், விசில் அடிக்க வழியே இல்ல. அவசரப்பட்டு பாதியிலேயே கிராஸ் போட்டா, சென்டர் ஃபார்வர்டு ஆஃப்சைடு. கோலை ஒட்டிப் போட்டா, பந்து கீப்பர் கையில. அந்த விதிக்கு இதைவிடச் சரியான பதில் எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா கமென்ட்ல எழுதுங்க.

1904-ல எஃப்.ஏ. கப் ஃபைனல்ல போல்டனுக்கு எதிரா விழுந்த ஒரே கோல் இவரோடது. மறுவருஷமே ஆஸ்டன் வில்லா கேப்டனுக்கு 10 பவுண்ட் லஞ்சம் தரப் பார்த்தார்னு குற்றச்சாட்டு, தடை. கிளப் சொல்லித்தான் செஞ்சேன்னு பின்னாடி சொன்னார்.

அப்போ வீரர்களுக்கு உச்சவரம்புச் சம்பளம் வாரம் 4 பவுண்ட். தடைக் காலத்துக்கும் சம்பளம் கேட்டார், சிட்டி மறுத்தது. உடனே, எனக்கே வாரம் 6 பவுண்ட் கொடுத்தாங்கன்னு போட்டு உடைச்சார். 1906-ல 17 வீரர்களுக்குத் தடை, இனி சிட்டிக்கு ஆடவே கூடாதுன்னு உத்தரவு. இதுல யாருக்கு லாபம்? மான்செஸ்டர் யுனைடெட்! மெரெடித்தும், கூட ஆடின சாண்டி டர்ன்புல், பர்ஜெஸ், பானிஸ்டர் மூணு பேரும் அங்க போனாங்க. 1908-ல யுனைடெட்டுக்கு முதல் லீக் பட்டம்.

அந்த 4 பவுண்ட் விதியை மெரெடித் விடல. ஆயிரக்கணக்குல டிக்கெட் வாங்கிக் கூட்டம் வருது, வரவழைக்கிறவனுக்கு வரம்பா? அவர் கோபம் நூத்துக்கு நூறு நியாயம். 1907 டிசம்பர்ல மான்செஸ்டர் இம்பீரியல் ஹோட்டல்ல வீரர்கள் சங்கம் உருவான கூட்டத்துக்குத் தலைமை இவர்தான். 1909-ல சங்கத்தை விட்டு விலகச் சொல்லி இங்கிலாந்து கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ. மிரட்டினப்போ, யுனைடெட் வீரர்கள் 'அவுட்காஸ்ட்ஸ் எஃப்.சி.' (ஒதுக்கப்பட்டவங்க கிளப்)ன்னு பலகை வெச்சு போட்டோவே எடுத்துக்கிட்டாங்க.

வேல்ஸுக்கு 48 ஆட்டம். அதுல கடைசி 1920-ல, இங்கிலாந்தை 2-1னு ஜெயிச்சு. அப்போ வயசு 45. 1921-ல மறுபடி சிட்டிக்கே திரும்பினார், அதான் அந்த 1924 அரையிறுதி. இறந்தது 1958-ல. சம்பள உச்சவரம்பை எடுத்தது 1961-ல.